கண்ணாடி மண்டபமும் எங்கள் விறாந்தையும்



மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளுக்கும் எங்கள் முன்னோர் இட்ட பெயர்களை நீங்கள் அறிவீர்கள். கடலுக்கும் வாவிக்கும் இடையே நீண்டு கிடக்கும் நிலம் எழுவான்கரை. வாவிக்கு அப்பால் வயலும் காடுமாக விரிந்த நிலம் படுவான்கரை. ஞாயிறு எழும் கரை ஒன்று, படும் கரை மற்றொன்று. ஊருக்குப் பெயரிடும்போதே வெயிலின் திசையைக் கருத்திற் கொண்ட மக்கள், வீடு கட்டும்போது அதனை மறந்திருப்பார்களா? மறக்கவில்லை என்பதே இன்று நான் சொல்ல வந்த செய்தி. அதனை நாம் இப்போது மறந்துகொண்டிருக்கிறோமோ என்பது என் ஐயம்.

இந்த ஐயம் என் வீட்டிலேதான் பிறந்தது. நாங்கள் வாழ்வது எழுவான்கரையில், களுவாஞ்சிகுடிப் பக்கத்து ஊர் ஒன்றில். வீட்டின் முன்வாசல் கிழக்கு நோக்கியது, பின்புறம் வாவி. வெளிநாட்டில் தொழில் புரியும் என் மருமகன் சென்ற ஆண்டு விடுமுறையில் வந்திருந்தபோது ஒரு படத்தைக் காட்டினார். வீட்டுச் சுவரோடு ஒட்டி, கூரையும் மூன்று பக்கமும் கண்ணாடியாலான ஓர் அறை. உள்ளே நாற்காலிகள், பூந்தொட்டிகள், ஒரு தோடை மரம். "மாமா, பின்பக்கத்தில் இப்படி ஒன்று கட்டுவோம். நீங்களும் மாமியும் வாவியைப் பார்த்துக்கொண்டு இருக்கலாம்" என்றார். அன்பினாற் சொன்ன சொல். உடனே மறுக்கவும் மனம் வரவில்லை, ஒப்பவும் மனம் வரவில்லை. ஆசிரியத் தொழிலில் முப்பது ஆண்டு கழித்தவனுக்குக் கைவந்த வழி ஒன்றே: அந்த அறையின் வரலாற்றைத் தேடினேன்.

கண்ணாடி மண்டபத்தின் பிறப்பு ஒரு பழத்தோடு தொடர்புடையது. நாம் தோடை என்று சொல்லும் பழத்தை ஆங்கிலேயர் ஒறேஞ்சு என்பர். அச்சொல் பிரெஞ்சு, இசுப்பானியம், அரபு, பாரசீகம் என்று ஒவ்வொரு மொழியாகப் பின்னோக்கிச் சென்று, வடமொழியின் நாரங்கம் என்னும் சொல்லை அடைகிறது. அதற்கும் வேர் திராவிட மொழிகளில், நம்முடைய நாரத்தை என்னும் சொல்லின் இனத்தில், இருத்தல் வேண்டும் என்று மொழிநூலார் பலர் கருதுவர். நாரத்தையும் எலுமிச்சையும் நம் முற்றங்களில் கிணற்றடித் தண்ணீரைக் குடித்துத் தாமே வளர்வன. ஐரோப்பாவிலோ அவ்வினத்து மரங்கள் மாரிக்காலப் பனியில் கருகி மடிந்தன. ஆகவே அரசரும் செல்வரும் அவற்றைப் பெரிய மரத்தொட்டிகளில் நட்டுக் கோடையில் தோட்டத்தில் வைத்தனர். குளிர் தொடங்கியதும் தெற்கு நோக்கிய பெரும் யன்னல்களுடைய மண்டபங்களுக்குள் உருட்டிச் சென்றனர். அம்மண்டபத்துக்கு அப்பழத்தின் பெயரே வழங்கலாயிற்று. தோடை மனை என்று நாம் சொல்லிக்கொள்ளலாம்.

பிரான்சு நாட்டில் பதினான்காம் லூயி மன்னனுக்காகக் கட்டடக்கலைஞர் அர்துவான் மன்சார் 1684 முதல் 1686 வரை வேர்சாய் அரண்மனையில் எழுப்பிய தோடை மனை நூற்றைம்பது மீற்றருக்கு மேல் நீண்டது. ஒல்லாந்து நாட்டின் லெய்டன் பல்கலைக்கழகத்தில் 1590இல் அமைந்த மூலிகைத் தோட்டத்துக்கு 1744இல் ஒரு தோடை மனை கட்டப்பட்டது. இலண்டனை அடுத்த கியூ பூங்காவில் 1761இல் வில்லியம் சேம்பர்ஸ் கட்டிய மனையோ தோற்றத்தில் அழகியது. ஆனால் உள்ளே ஒளி போதாமையால் தோடை மரங்கள் செழிக்கவில்லை. கட்டடம் அழகாயிருப்பது வேறு, கட்டிய காரியத்துக்கு உதவுவது வேறு என்பதற்கு அம்மனை அன்றே சான்றாயிற்று.

அக்காலத்தில் கண்ணாடி செல்வர் பொருள். இங்கிலாந்தில் 1696 முதல் யன்னல்களுக்கு வரி விதித்தனர். பின்னர் கண்ணாடிக்கும் தனியே வரி வந்தது. கண்ணாடி வரி 1845இலும் யன்னல் வரி 1851இலும் நீங்கின. அந்த 1851ஆம் ஆண்டிலேயே ஏறத்தாழ மூன்று இலட்சம் கண்ணாடித் துண்டுகளைக் கொண்டு யோசேப்பு பாக்ஸ்ரன் இலண்டனில் பளிங்கு மாளிகையை அமைத்தார். அதன் பின்னர் நடுத்தரக் குடும்பத்தாரும் வீட்டோடு ஒட்டி ஒரு கண்ணாடி அறை போடத் தொடங்கினர். தோடை மரம் இருந்த இடத்தில் மனிதர் அமர்ந்து வெயில் காய்ந்தனர். என் மருமகன் காட்டிய படம் அந்த மரபின் வழித்தோன்றல்.

அந்த அறை அங்கே ஏன் வேண்டப்பட்டது? மார்கழி மாதத்து நண்பகலில் இலண்டன் வானில் ஞாயிறு அடிவானிலிருந்து பதினைந்து பாகை உயரமே ஏறும். பகற்பொழுது எட்டு மணி நேரத்துக்கும் குறைவு. தாழ்ந்து வரும் அந்த மெல்லிய வெயில் கண்ணாடியை ஊடுருவி உள்ளே சென்று தரையையும் சுவரையும் சூடாக்குகிறது. சூடேறிய காற்று வெளியேற வழியின்றி உள்ளேயே தங்குகிறது. வெயிலைப் பிடித்து அடைத்து வைக்கும் பெட்டி அது. குளிர்நாட்டானுக்கு அஃது ஒரு வரம்.

அதே பெட்டியை மட்டக்களப்பில் வைத்துப் பாருங்கள். நாம் வாழ்வது நிலநடுக்கோட்டுக்கு வடக்கே எட்டுப் பாகைக்கும் குறைந்த தொலைவில். ஆண்டில் இரு முறை, ஏப்பிரல் முற்பகுதியிலும் செப்டெம்பர் தொடக்கத்திலும், நண்பகல் ஞாயிறு நம் உச்சந்தலைக்கு நேரே நிற்கிறது. பகற்பொழுது எந்த மாதத்திலும் பதினொன்றரை மணி நேரத்துக்குக் குறைவதில்லை. வெயிலைத் தேடிப் பிடிக்கவேண்டிய தேவை நமக்கு இல்லை. அது நம்மைத் தேடி வருகிறது.

இவ்வாறு சொல்வதனால் கண்ணாடி மனையை நான் இகழ்வதாகக் கருதற்க. நம் நாட்டின் வரலாற்றில் அதற்கு ஓர் இடம் உண்டு. 1876இல் அமேசன் காட்டிலிருந்து கொண்டுவரப்பட்ட இறப்பர் விதைகள் கியூ பூங்காவின் கண்ணாடி மனைகளிலே முளைத்தன. அந்நாற்றுகளை மூடிய கண்ணாடிப் பெட்டிகளில் அடைத்து அதே ஆண்டில் இலங்கைக்கு அனுப்பினர்; கம்பகாவை அடுத்த ஹெனரத்கொடைத் தோட்டத்தில் அவை வேரூன்றின. இலங்கையின் இறப்பர்த் தொழிலுக்குக் கண்ணாடியே செவிலித்தாய். இன்றும் ஆறாயிரம் அடிக்கு மேல் உயர்ந்த நுவரெலியாவில், காலைப் பனி புல்லை வெளுக்கச் செய்யும் நாட்களில், கண்ணாடி அடைத்த விறாந்தை ஒன்றில் அமர்ந்து தேநீர் அருந்துவோர் அதன் அருமையை அறிவர். ஆகவே கண்ணாடி நல்லதா தீயதா என்று கேட்பதிற் பயனில்லை. எந்த மண்ணில், எந்தத் திசையில், யாருக்காக என்பனவே கேட்கத்தக்கவை.

இனி எங்கள் வீடுகளுக்கு வருவோம். சாளரத்துக்குத் தமிழில் காலதர் என்று ஒரு பழம்பெயர் உண்டு. சிலப்பதிகாரத்தில் அச்சொல் பயில்கிறது. கால் என்பது காற்று, அதர் என்பது வழி. காற்று வரும் வழியே காலதர். வியப்பு என்னவெனில், ஆங்கிலத்தின் விண்டோ என்னும் சொல்லும் பழைய வடபுல மொழியில் காற்றின் கண் என்றே பொருள்பட்டது. இருவரும் சுவரில் திறப்பு வைத்தது காற்றுக்காகவே. அவர்கள் குளிருக்கு அஞ்சி அந்தக் கண்ணைக் கண்ணாடியால் மூடினர். நமக்கு மூட வேண்டிய தேவை வரவில்லை.

மட்டக்களப்பின் பழைய வீடு எளியது. கம்பும் வரிச்சும் கட்டி மண் அப்பிய சுவர். சாணமிட்டு மெழுகிய தரை. கிடுகோ புல்லோ வேய்ந்த கூரை. அந்தக் கூரை சுவரோடு நிற்பதில்லை. தலை குனிந்து நுழையவேண்டிய அளவுக்குத் தாழ்ந்து இறங்கி, சுவருக்கும் திண்ணைக்கும் ஒருங்கே குடை பிடித்தது. இடம் போதாதபோது மக்கள் புதுவீடு கட்டவில்லை, பத்தி இறக்கினார்கள். கூரையை மேலும் நீட்டி, நான்கு கப்பு நட்டு, அதன் கீழ் ஓரிடம் உண்டாக்குவதே பத்தி இறக்குதல். வீட்டை விரிவாக்கும் கலைக்கு எங்கள் ஊரின் சொந்தச் சொல் அது. கண்ணாடி அறை வெயிலைக் கூட்டுவதற்காகச் சேர்க்கப்பட்டது. பத்தி நிழலைக் கூட்டுவதற்காகச் சேர்க்கப்பட்டது.

இந்த மண்ணுக்கு அயலார் வந்தபோது என்ன நிகழ்ந்தது என்பது வரலாற்றின் சுவையான பகுதி. போர்த்துக்கேயர் 1628இல் புளியந்தீவில் கோட்டை கட்டினர். அவர்கள் நமக்குத் தந்த சொற்கள் இன்றும் வீட்டில் நிறைந்துள்ளன: யன்னல், சாவி, மேசை, கதிரை, அலுமாரி. ஆயின் விறாந்தை என்னும் சொல்லின் கதை வேறு. அது போர்த்துக்கேயச் சொல்லா, இந்தியச் சொல்லா என்று அறிஞர் இன்றும் வாதிடுவர். 1498இல் வாஸ்கோடகாமாவுடன் கோழிக்கோட்டுக்கு வந்த ஒருவரின் பயணக் குறிப்பிலேயே அச்சொல் காணப்படுகிறது. எம்மொழிக்கு உரியதாயினும், அது உலகெங்கும் பரவியது நம் கீழைக் கடற்கரைகளின் வாழ்க்கையோடு சேர்ந்தே என்பதில் ஐயமில்லை.

1602இல் ஒல்லாந்துக் கப்பற்றலைவர் ஸ்பில்பேர்கன் மட்டக்களப்பில் கரையிறங்கினார். 1638இல் வெஸ்டர்வோல்ட் என்னும் தளபதி, கண்டியரசன் இரண்டாம் இராசசிங்கனோடு சேர்ந்து, போர்த்துக்கேயரின் கோட்டையைக் கைப்பற்றினார். இந்த ஒல்லாந்தர் யார்? ஒறேஞ்சு என்னும் பெயருடைய குலத்தைத் தலைமையாக ஏற்றவர்கள். தோடை மனைகளைக் காதலித்த நாட்டினர். அவர்கள் ஊரில் வீட்டு வாசலுக்கு முன்னே ஸ்தூப் என்று ஒரு கற்படி மேடை உண்டு. அது திறந்த மேடை. மேலே கூரை கிடையாது. கிடைக்கும் சிறு வெயிலை ஏன் மறைக்கவேண்டும்? அந்த மேடையை இலங்கைக்குக் கொண்டுவந்தபோது அவர்கள் அதன் மேல் கண்ணாடி போடவில்லை. தூண்களை நிறுத்தி, ஓட்டுக் கூரையைத் தாழ இறக்கினர். சிங்கள மொழியில் இன்றும் முன்விறாந்தைக்கு இஸ்தோப்புவ என்று பெயர். ஒல்லாந்தரின் ஸ்தூப்பே அது. தம் நாட்டில் வெயிலுக்கு ஏங்கியவர்கள், இங்கே வந்ததும் நிழலின் மதிப்பைக் கற்றுக்கொண்டார்கள். ஆள வந்தவர் மண்ணிடம் பாடம் கேட்ட இடம் அந்த இஸ்தோப்பு.

1795இல் மட்டக்களப்பு ஆங்கிலேயர் வசமாயிற்று. அவர்களும் வங்காளத்துக் குடிசையைப் பார்த்துக் கற்ற பங்களாவைச் சுற்றி விறாந்தை வைத்தனர். 1814இல் வில்லியம் ஓல்ட் பாதிரியார் தொடங்கிய மெதடிஸ்த கல்லூரி முதலாக, 1929இல் சுவாமி விபுலானந்தர் கல்லடி உப்போடையில் நிறுவிய சிவானந்த வித்தியாலயம் ஈறாக, கல்வி வளர்த்த நிலையங்கள் இந்நாட்டில் பெருகின. நம் பாடசாலைகளில் வகுப்பறைக்கு முன்னே நீண்ட விறாந்தை ஓடாத கட்டடம் அரிது. மழை நாளில் காலைக் கூட்டம் அங்கே. தண்டனை பெற்ற பிள்ளை நிற்பதும் அங்கே. தாய் வந்து ஆசிரியரோடு மெல்லப் பேசுவதும் அங்கேதான்.

இப்பகுதியில் வீட்டுக்கு ஓர் இடத்தைச் சேர்ப்பது கட்டட விடயம் மட்டும் அன்று; குடும்ப விடயம். எங்கள் குடிமுறை தாய்வழியானது. வீடு மகளுக்குச் சீதனமாகச் செல்லும். மருமகன் அவ்வீட்டுக்கு வந்து சேர்வான். மகளின் திருமணத்தோடு பெற்றோர் தம் வீட்டை அவளிடம் விட்டு, இளைய பிள்ளைகளோடு அருகே வேறு வீட்டுக்கோ சிறு குடிலுக்கோ மாறுவதை, 1969 முதல் அக்கரைப்பற்றில் ஆய்வு நடத்திய அமெரிக்க மானிடவியல் அறிஞர் டெனிஸ் மக்கில்வ்ரே விரிவாக எழுதியுள்ளார். அவ்வாறு மாறும் முதியோருக்கு நிழல் தந்தது பெரும்பாலும் வளவுக்குள் இறக்கிய ஒரு பத்தியே. நான் வாழும் வீடும் என் மனைவிக்குச் சீதனமாக வந்தது. இப்போது மகளுக்கு உரியது. ஆகவே மருமகன் கட்ட நினைப்பது விருந்தினருக்குக் காட்டும் ஓர் அலங்கார அறை அன்று. நானும் என் மனைவியும் எஞ்சிய நாட்களைக் கழிக்கப்போகும் இடம் அது.

அந்தப் பத்தியும் விறாந்தையும் நம் காலத்திற் பட்ட பாடு சிறிதன்று. 1978ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள் வீசிய சூறாவளி, இம்மாவட்டத்தின் கூரைகளைப் பிடுங்கி எறிந்தது. நீட்டிய தாழ்வாரத்தைக் காற்று எளிதில் தூக்கிவிடும் என்று அஞ்சிய பலர், மீளக் கட்டியபோது கூரையைச் சுவரோடு நிறுத்தினர். போர் நடந்த ஆண்டுகளில், இருட்டியதும் வெளியே இருக்க அஞ்சிய குடும்பங்கள் விறாந்தைகளுக்குச் சுவர் எழுப்பிக் கம்பி வலை அடித்தன. 2004 டிசெம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை நாவலடியையும் கல்லடியையும் கரையோர ஊர்களையும் அழித்தபோது, வீடிழந்தோர் வந்து தங்கியது பாடசாலைகளின் வகுப்பறைகளிலும் விறாந்தைகளிலும்தான். ஐந்நூறு சதுர அடி அளவில் பின்னர் கட்டிக் கொடுத்த வீடுகளில் அவர்கள் குடியேறினர். அந்த வீடுகளில் மக்கள் தம் கைப்பணத்தில் முதன்முதல் செய்த வேலை என்ன என்பதைக் கவனித்திருக்கிறீர்களா? முன்னே நான்கு தடி நட்டு, கிடுகோ தகரமோ போட்டு, ஒரு பத்தி இறக்கியதே. திட்டப்படம் வரைந்தவர் விட்ட குறையை வாழ வந்தவர் நிரப்பினர்.

கண்ணாடி அடைத்தால் என்னாகும் என்பதையும் நான் ஏட்டில் மட்டும் படித்தவன் அல்லேன். பல ஆண்டுகளுக்கு முன் நான் கற்பித்த ஒரு பாடசாலையில், அன்பளிப்பாக வந்த பணத்தைக் கொண்டு மேற்கு விறாந்தையின் ஒரு பகுதியைக் கண்ணாடியால் அடைத்து வாசிகசாலை ஆக்கினோம். திறப்பு விழா நாளில் அது மாளிகை போல் மின்னியது. அத்திட்டத்துக்குத் தலையாட்டியவர்களுள் நானும் ஒருவன். வைகாசி பிறந்து கச்சான் காற்று வீசத் தொடங்கியதும், மதிய உணவுக்குப் பின் ஒரு பிள்ளையும் அங்கே இருக்கவில்லை. நூல்களின் அட்டைகள் வளைந்தன. பசை இளகித் தாள்கள் கழன்றன. ஈராண்டில் அது பழைய மேசைகள் அடுக்கும் களஞ்சியமாயிற்று. முன்னே அவ்விடத்தில் மதிய வேளையில் பிள்ளைகள் தரையிலிருந்து படித்தார்கள் என்பதை எண்ணும்போது, நாங்கள் சேர்த்தது என்ன, இழந்தது என்ன என்று இன்றும் மனம் கணக்குப் பார்க்கிறது.

என் வீட்டுக்குத் திரும்புகிறேன். எழுவான்கரையில் வாவியை நோக்கும் அறை மேற்கு நோக்கும் அறையாகவே இருக்கும். நண்பகல் வெயிலை நீண்ட தாழ்வாரம் தடுத்துவிடும். ஆனால் பிற்பகலில் சாய்ந்து வரும் வெயில் தாழ்வாரத்தின் கீழே நுழையும். அது நேரே வருவதோடு, வாவி நீரிற் பட்டு எதிரொளியாகவும் வரும். இன்னுமொன்று. பிற்பகலில் கடலிலிருந்து வரும் குளிர்காற்று கிழக்கு வாசலால் நுழைந்து மேற்கு வாசலால் வெளியேறுகிறது. போக வழியில்லாத வீட்டுக்குள் காற்று வருவதும் இல்லை. மேற்கைக் கண்ணாடியால் அடைத்தால் அந்த ஓர் அறை மாத்திரமன்று, வீடு முழுவதுமே புழுங்கும்.

இவற்றையெல்லாம் மருமகனுக்கு ஒரு நீண்ட கடிதமாக எழுதினேன். அவர் உடனே ஒப்பவில்லை. மாரி மழைச் சாரலுக்கும் நுளம்புக்கும் என்ன செய்வது என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஊர் மேசனையும் ஓடாவியாரையும் அழைத்து இருந்து பேசினோம். முடிவு இது: வாவிப் பக்கத்தில் ஓட்டுக் கூரையைத் தாழ இறக்கிய அகன்ற விறாந்தை, காற்று தூக்காதபடி தூண்களோடு கூரையை இறுகப் பிணைக்கும் இரும்புப் பட்டைகள், அமர்வதற்கு ஒரு குந்து, பிற்பகலில் இறக்கி மாலையில் சுருட்டிவிடும் தட்டிகள், நுளம்புக்கு வலை. வடக்கு மூலையில் மட்டும், திறந்து மூடக்கூடிய கண்ணாடி யன்னல்களோடு ஒரு சிறு அறை. மார்கழி அடைமழையில் அங்கே இருந்து படிக்கலாம். அது மருமகனின் விருப்பத்துக்கு நான் கொடுத்த இடம். அவசியம் என்பதையும் இப்போது உணர்கிறேன். வெளியே மேற்கு வெயிலுக்கு நேரே ஒரு வேம்பு நட்டிருக்கிறோம். படத்தில் இருந்த தோடை மரத்தையும் விட்டுவிடவில்லை; அதற்கு வீடு வேண்டாம், முற்றம் போதும்.

நேயர்களே, வீட்டை விரிவாக்கும் ஆசை நல்ல ஆசை. பணம் வந்த இடத்தில் அது எழுவதும் இயல்பு. ஆனால் படத்தைப் பார்த்து மேசனை அழைப்பதற்கு முன், ஒரு நாள் பிற்பகல் இரண்டு மணிக்கு, நீங்கள் கட்ட நினைக்கும் இடத்தில் ஒரு கதிரையைப் போட்டு ஒரு மணி நேரம் இருந்து பாருங்கள். வெயில் எங்கிருந்து வருகிறது, காற்று எங்கே போகிறது என்பதை அந்த ஒரு மணி நேரம் சொல்லித் தரும். வீட்டில் முதியவர் இருந்தால் அவரையும் கூட இருத்திக்கொள்ளுங்கள். பின்னர் அவ்விடத்தில் நெடுநேரம் இருக்கப்போகிறவர் அவரே.